நீலக்கல் மார்க்

ஜூன் 9, ஞாயிறு

மன்றத்தின் ஏழாவது புரிந்துணர்வு ஒப்பந்தம் இன்று கையெழுத்தானது. கையெழுத்திட்டவர் தலைவர் சென்னியப்பன். செயலாளர் என்ற முறையில் நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். பிறகு பொன்னாடை, பிறகு படம், பிறகு ரவா கேசரி.

காங்கயம் வட்டாரக் கல் கனிம ஆர்வலர் மன்றம் என்பது எங்கள் முழுப்பெயர். கல் பொறுக்குகிறவர்கள் சங்கம் என்றால் இன்னும் சுலபமாகப் புரியும். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினால் தண்ணீர் வராமல் போகலாம், பளபளப்பாக ஏதாவது ஒரு கல் வராமல் போகாது. அதை வீட்டுக்கு எடுத்து வந்து ஷோகேசில் வைக்கிறவர்கள் நாற்பது பேர் மாதம் ஒருமுறை சென்னியப்பனின் எண்ணெய் மில் மாடியில் கூடுகிறோம். கீழே களத்தில் கொப்பரை காயும். மேலே நாங்கள் அறிவியலை வளர்ப்போம்.

ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் இரு தரப்பும் ஒத்துழைப்புக்கான வாய்ப்புகளை ஆராயும் என்று ஒரு வரி உண்டு. ஆராய்ந்து முடித்தார்கள் என்ற வரி எதிலும் இல்லை. கோளரங்கத்துக்கு நாங்கள் ஒரு மூட்டை பளிங்குக்கல் கொடுத்தோம், அவர்கள் சனிக்கிரகப் படம் ஒன்று தந்தார்கள். கொரியாவில் ஒரு பல்கலைக்கழகம் உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் எழுதியது, அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். கண் மருத்துவமனையுடன் போட்ட ஒப்பந்தத்தில் மட்டும் பலன் இருந்தது. பாதி உறுப்பினர்களுக்கு இலவசக் கண்ணாடி கிடைத்து, அதுவரை மரகதம் என்று வைத்திருந்த சோடா பாட்டில் துண்டுகளை அவர்களே தூக்கி எறிந்தார்கள்.

இன்றைய ஒப்பந்தம் கோவையில் புதிதாகத் திறக்கவிருக்கும் ஓர் அருங்காட்சியகத்துடன். அவர்கள் மூலமாகப் பெங்களூர் ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

"இது மத்ததாட்ட இல்லீங் டீச்சர்," என்றார் சென்னியப்பன். "இதுல நெசமாவே விஞ்ஞானி வர்றாங்க."

நம்பவில்லை.

ஜூன் 13, வியாழன்

தண்ணீர் மோட்டார் காயில் போய்விட்டது. விடைத்தாள் கட்டு இன்னும் முடியவில்லை. எம்.எஸ்சி. நிலவியல் படித்துவிட்டு, பெண்கள் கல்லூரியில் சுற்றுச்சூழல் கல்வி என்ற கட்டாயப் பாடத்தை நடத்துகிறேன். எந்தக் கேள்விக்கும் மரம் நடலாம் என்று எழுதினால் தேர்ச்சி உறுதி என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நிலநடுக்கத்தைத் தடுக்கவும் ஒருத்தி மரம் நட்டிருக்கிறாள்.

விஞ்ஞானி சனிக்கிழமை வருவதாக மின்னஞ்சல்.

ஜூன் 14, வெள்ளி

நாளைய வருகைக்காக மில் மாடியில் எண்ணெய்க் காப்பு நடந்தது. இது மன்றத்தின் வழக்கம். கண்காட்சி, விருந்தினர் வருகை, ஆயுத பூஜை என்று எது வந்தாலும் முதல் நாள் எல்லாக் கற்களையும் கீழே இறக்கி, தேங்காய் எண்ணெய் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் துடைப்பார்கள். ஆயுத பூஜை என்றால் கூடுதலாகச் சந்தனம், குங்குமம். எண்ணெய் தலைவரின் மில்லுடையது என்பதால் கஞ்சத்தனம் கிடையாது. ஆரம்பத்தில் நான் ஆட்சேபித்தேன். சாமிக்கே செய்யறமுங்க, கல்லுக்குச் செஞ்சா என்னங்க என்று கேட்டார் சென்னியப்பன். சாமியும் கல்தானே என்ற அவருடைய அடுத்த வாதத்துக்கு என் படிப்பில் பதில் இல்லை.

இந்தக் கூத்தில் நான் சேருவதில்லை. என்னுடைய கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். சிவன்மலை அடிவாரத்தில் ஒரு கிணற்று மேட்டில் நான் கண்டெடுத்தது. உரித்த தேங்காய் அளவு. வெளிர்ப் பாறைக்குள் நீலக் குருந்தம், அதாவது நீலக்கல்லின் இனம், நாலைந்து பட்டைகளாகப் பதிந்திருக்கும். அப்போது ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன், இந்தக் கல்லில் தொடங்குவதாக இருந்தது. வழிகாட்டி ஓய்வு பெற்றார், கல்யாணம் நடந்தது, அப்புறம் வேறு எதுவோ. கல் மட்டும் இருக்கிறது.

தூசி இருந்தது, துடைத்து வைத்தேன். நீலம் நன்றாகத் தெரிந்தது.

இரவு சப்பாத்திக்கு மாவு பிசையும்போது, இன்றைக்கென்ன தேங்காய் எண்ணெய் வாசனை என்று கேட்டார் இவர். மில்லுக்குப் போய் வந்தால் உடம்பே அப்படித்தான் மணக்கும் என்றேன்.

ஜூன் 15, சனி

விஞ்ஞானி உண்மையிலேயே வந்தார். டாக்டர் ஃபர்ஹானா, முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம், சொந்த ஊர் ஆம்பூர். பொன்னாடையை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நேராக அலமாரிக்குப் போனார். தலைவரின் சந்திரகாந்தக் கற்களைக் கடந்து, பொருளாளரின் பிள்ளையார் வடிவக் கல்லைக் கடந்து, என் கல் முன்னால் நின்றார்.

யாருடையது என்று கேட்டார். மன்றத்துடையது என்றார் சென்னியப்பன். யார் எடுத்தது என்று திரும்பக் கேட்டார். நான் என்றேன்.

"தனியாக் கிடந்துதா மேடம்? இல்ல, பக்கத்துப் பாறையோட சேர்ந்து இருந்துதா?"

இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கல்லைப் பார்க்கிறவர்கள் என்ன விலை போகும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நான் பதில் சொல்லத் தொடங்கி, கேசரி ஆறும்வரை பேசிவிட்டேன் போலிருக்கிறது. இவ்வளவு பேசுவது என் வழக்கமில்லை.

கட்டைவிரல் அளவு ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். போகும் முன் எல்லோரையும் பார்த்து, கல்லின் மேல் வார்னிஷ், பாலிஷ், ரசாயனம் ஏதாவது பூசியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

"அந்த வேலையே நம்மகிட்ட கெடையாதுங்க," என்றார் சென்னியப்பன், நெஞ்சில் கை வைத்து. "எல்லாமே இயற்கையுங்க."

கேள்வி வார்னிஷ் பற்றியது. நான் குறுக்கிட அவசியம் இருக்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

பெங்களூரிலிருந்து தகவல் எதுவும் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

ஜூலை 8, திங்கள்

வேறு வேலையாக மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியைப் பார்க்க நேர்ந்தது. அதிலும் இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஃபர்ஹானா போனில் பேசினார். குரல் படபடப்பாக இருந்தது. துண்டின் மேற்பரப்பைக் கழுவிவிட்டு, உள்ளே இருக்கும் நுண்ணிய விரிசல்களைச் சோதித்தார்களாம். அங்கே கரிமச் சேர்மங்கள் இருக்கின்றனவாம். அதாவது உயிருள்ளவை உண்டாக்குகிற வகை. இந்தப் பாறையில் இருக்கவே கூடாதவை.

இருக்கவே கூடாது என்பது எனக்கும் தெரியும். குழம்பாகக் கொதித்து ஆறிய பாறை அது. அதற்குள் உயிரின் தடயம் என்றால், வடைச் சட்டியில் மீன் நீந்தியது என்று அர்த்தம்.

யாரிடமும் சொல்ல வேண்டாம், இன்னும் உறுதியாகவில்லை என்றார். ஒப்பந்தத்தில் ஒரு விதி இருப்பதால் அருங்காட்சியகக் காப்பாட்சியர் ஆல்பர்ட்டுக்கு மட்டும் எழுதியிருக்கிறாராம்.

கழுவியிருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு முறை இருக்கும். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பேருந்து நிலையத்தில் பிளக்ஸ் வைத்தாகிவிட்டது. உலகின் முதல் உயிர் காங்கயத்தில் என்று மேலே. கீழே வெள்ளைச் சட்டையில் சென்னியப்பன், கும்பிட்டபடி. தெரியாதவர்கள் பார்த்தால் அவரைத்தான் முதல் உயிர் என்று நினைப்பார்கள்.

காப்பாட்சியர் ஆல்பர்ட்டிடம் கேட்டேன். தான் யாருக்கும் சொல்லவில்லை, பத்திரிகைக் குறிப்பு ஒன்று மட்டும் கொடுத்ததாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மில் வாசலில் கொடியேற்றம். வெள்ளைக்காரன் ஊரில் உயிரே இல்லாத காலத்தில் நம்மூரில் உயிர் இருந்தது என்று சென்னியப்பன் பேசினார். கைதட்டல். அந்த உயிர் எங்கள் குலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று பொருளாளர் என் காதில் சொன்னார்.

மோட்டார் மறுபடி போய்விட்டது.

ஆகஸ்ட் 21, புதன்

ஆய்வுக் கட்டுரையின் வரைவை ஃபர்ஹானா அனுப்பியிருக்கிறார். எழுதியவர்கள் வரிசையில் முதலில் அவர், அடுத்து எஸ். மங்கையர்க்கரசி. கல்லைக் கண்டெடுத்ததும், களத்தில் அது இருந்த நிலையைப் பதிவு செய்ததும் நான்தான் என்பதால் இது மரியாதை அல்ல, முறை என்று எழுதியிருந்தார்.

பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அந்த வரியைப் பல முறை படித்தேன். இல்லை.

இவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு திரையில் படித்தார். "ரெண்டாவது பேரு நீயா?" என்றார். நான்தான் என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். மின்வாரியத்தில் இருக்கும் மனிதர், கம்பத்தில் ஏறினால்தான் உணர்ச்சி வரும் என்று நினைத்திருந்தேன்.

வரைவின் நான்காம் பக்கத்தில் அட்டவணை. அந்தச் சேர்மங்களில் பன்னிரண்டு கரி அணுக்கள் கொண்ட சங்கிலிதான் மிக அதிகம். எந்தப் பொருளில் அது இவ்வளவு அதிகமாக இருக்கும் என்பது பி.எஸ்ஸி. வேதியியலில் வரும். எனக்கு வேதியியல் துணைப்பாடம்தான்.

மைசூர்பாகு கொஞ்சம் கெட்டி.

செப்டம்பர் 1, ஞாயிறு

எட்டாம் தேதி அருங்காட்சியகத் திறப்பு விழா. அமைச்சர் வருகிறாராம். கல்லை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள், அதன் அளவுக்கே தேக்கில் கண்ணாடிப் பெட்டி செய்திருக்கிறார்கள். அமைச்சர் திரையை விலக்குவார், ஃபர்ஹானா ஐந்து நிமிடம் பேசுவார், எழுதியவர்கள் இருவரும் மேடைக்கு அழைக்கப்படுவார்கள்.

ஒரு புடவை எடுத்தேன். பழையவை சாயம் போய்விட்டன. நீலம்தான் கடையில் நன்றாக இருந்தது.

மன்றத்தின் எண்ணெய்ப் பழக்கத்தைத் தலைவர்தான் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அவர்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பிற்பகலில் ஃபர்ஹானா பேசினார். கட்டுரையை அனுப்பும் முன் என் சம்மதம் வேண்டும், நாளை காலை அனுப்பிவிடலாமா என்று கேட்டார். பிறகு அவராகவே சொல்லிக்கொண்டு போனார். டிசம்பரோடு அவருடைய ஒப்பந்த வேலை முடிகிறது. இந்தக் கட்டுரை வந்தால் நீட்டிப்பார்கள். பெரிய பெரிய ஆட்கள் எதிர்த்து எழுதுவார்கள், வாழ்நாள் முழுக்கக் கேட்பார்கள், பரவாயில்லை.

"நீங்க கூட இருக்கீங்கல்ல மேடம். கல்லு பத்தி யாரு என்ன கேட்டாலும் உங்களுக்குத் தெரியாதது இல்ல."

விழாவுக்கு ஆம்பூரிலிருந்து அவருடைய அம்மாவும் வருகிறாராம். என்னைப் பார்க்க வேண்டுமாம்.

மாலை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். காப்பி போட்டேன், குடிக்கவில்லை. துணிகளை மடித்தேன். புதுப்புடவையைப் பிரித்து மறுபடி மடித்தேன். பிறகு நானே கூப்பிட்டேன்.

"ஃபர்ஹானா, கட்டுரையை அனுப்ப வேண்டாம். அந்தக் கல்லுக்கு எண்ணெய் தேய்ச்சிருக்கு."

"எண்ணெயா? என்ன எண்ணெய் மேடம்?"

"தேங்கா எண்ணெய்."

எத்தனை தடவை என்று கேட்டார். வருடா வருடம், ஆயுத பூஜைக்கு, கண்காட்சிகளுக்கு என்றேன். மன்றத்தின் வழக்கம் என்றேன். அவர்களுக்குத் தெரியாது, இயற்கைப் பொருள்தானே என்று நினைத்துவிட்டார்கள் என்றேன்.

"இந்தக் கல்லுக்கும் அவங்கதான் தேய்ச்சாங்களா?"

"இல்ல. இதை யாரையும் தொட விடமாட்டேன். நான்தான். நீங்க வர்றதுக்கு முந்தின நாள்கூட."

"உங்களுக்குத் தெரியுமே மேடம். ஏன்?"

"நீலம் நல்லாத் தெரியட்டும்னு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு தெளிவான குரலில், அதே எண்ணெயில் ஒரு பாட்டில் கூரியரில் அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உறுதியாகும் என்றார். அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கவில்லை, நல்லவேளை என்றும் சொன்னார்.

செப்டம்பர் 4, புதன்

மில்லுக்குப் போய் சென்னியப்பனிடம் விஷயத்தைச் சொன்னேன். கல்லுக்குள் இருப்பது அவருடைய எண்ணெயாக இருக்கும் என்றேன். இடிந்துபோவார் என்று எதிர்பார்த்து, முதலில் உட்காரச் சொல்லியிருந்தேன்.

"அப்ப கல்லுக்குள்ள வரைக்கும் எறங்கியிருக்குதுங்களா?" என்றார். முகம் மலர்ந்துகொண்டே போயிற்று.

ஒரு பாட்டில் போதும் என்றேன். பதினைந்து கிலோ டின் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

காப்பாட்சியர் ஆல்பர்ட்டின் கவலை வேறு. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. உண்மையைத் திங்கட்கிழமை சொல்லக் கூடாதா, விழா ஞாயிறுதானே என்று கேட்டார். எனக்கு இன்றே தெரியும் என்றேன். நீங்கள் அவசரப்பட்டுத் தெரிந்துகொண்டீர்கள் என்றார்.

செப்டம்பர் 7, சனி

எண்ணெய் பொருந்திவிட்டது. சந்தேகமே இல்லையாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

விழா நடந்தது. அழைப்பிதழில் உயிரின் முதல் சுவடு என்ற வரியின் மேல் கொங்கு மண்ணின் கற்கள் என்று அச்சடித்த சீட்டை ஒட்டியிருந்தார்கள். பசை சரியில்லை, பாதிப் பேர் கையில் சீட்டு தூக்கிக்கொண்டு நின்றது. அமைச்சர் வரவில்லை. அவர் சார்பில் வந்தவருக்கு யாரும் திருத்தத்தைச் சொல்லவில்லை. முதல் உயிரைப் பாதுகாத்த மக்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எழுதியவர்களை மேடைக்கு அழைக்கவில்லை. எழுதியதுதான் இல்லையே.

கண்ணாடிப் பெட்டியில் கல் இருந்தது. ஃபர்ஹானா அதைக் கரைப்பானில் ஊற வைத்து எண்ணெயை எடுத்திருந்தார். வெளிறிப்போய், மங்கலாக, கூட்டத்தில் யாரும் நிற்காத ஒன்றாக இருந்தது. பலகையில் இப்படி எழுதியிருந்தது: பாறை, காங்கயம் வட்டாரம். மன்றத்தின் நன்கொடை.

ஃபர்ஹானா பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய பதவி நீட்டிப்பு பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகவே, இந்த மாசுபாட்டைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதுவதாகவும், சேகரிப்பாளர்களின் மாதிரிகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு உதவும் என்றும் சொன்னார். அதை வைத்து ஆறு மாதம் தருவார்களாம். என் பெயரைப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

"ஆனா குருந்தம்தான் மேடம்," என்றார். "அது அந்தப் பாறையிலேயே வளர்ந்ததுதான். அன்னைக்கு நீங்க சொன்னதெல்லாம் சரி."

நன்றி என்றேன்.

நீலப் புடவை கட்டவில்லை. மழை வரும்போல் இருந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

பெங்களூர் ஆய்வறிக்கையைச் சென்னியப்பன் சட்டம் போட்டு மில் அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார். அதில் அவர் அடிக்கோடிட்டிருப்பது ஒரே வரி: அனுப்பிய எண்ணெயில் வேறெந்த எண்ணெயின் கலப்பும் இல்லை.

"உள்ளூர்க்காரன் எவன் சொன்னாலும் கலப்படம்னு வாய் கூசாமப் பேசுவானுங்க டீச்சர். விஞ்ஞானி சொன்னா?"

எட்டாவது ஒப்பந்தம் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்துடனாம். செயலாளர் பதவியிலிருந்து விலகுவதாக எழுதிய கடிதம் என் பையில் இருந்தது. கேசரி கொடுத்தார்கள். அடுத்த மாதம் கொடுத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மாடியில் கற்களை இறக்கிவைத்து எண்ணெய்க் காப்பு வழக்கம்போல் நடந்தது. இந்த முறை நான் மேசைமேல் ஏறி நிற்காத குறைதான், பாறை வகைகளுக்கு எண்ணெய் கூடாது என்று கண்டித்துச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு தேய்த்தார்கள். என்னுடைய கல் இருந்த தட்டில் ஒரு குங்குமப் பொட்டு மட்டும் வைத்திருந்தார்கள்.

கிளம்பும்போது சென்னியப்பன் அழகான ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார். பூஜையன்று புது மார்க் தொடங்குகிறாராம். ஒரு லிட்டர் பாட்டில். லேபிளில் என் கல்லின் படம், எண்ணெய் எடுப்பதற்கு முந்தைய படம், நீலம் தெறிக்கிறது. மேலே நீலக்கல் மார்க் சுத்தமான தேங்காய் எண்ணெய். கல்லுக்குள்ளும் இறங்கும் தரம். கீழே பொடி எழுத்தில்: கல்லைக் கண்டெடுத்தவர் பேராசிரியர் எஸ். மங்கையர்க்கரசி, எம்.எஸ்சி.

"உங்க பேரு எங்கயும் வரலீனு மனசுல கெடந்துச்சுங்," என்றார். "கேக்காமப் போட்டுட்டனுங்க. தப்பா நெனைக்காதீங்க."

நான் பேராசிரியர் இல்லை, உதவிப் பேராசிரியர்தான் என்றேன். அடுத்த அச்சில் மாற்றிவிடுவதாகச் சொன்னார். பத்தாயிரம் லேபிள் தீர்ந்த பிறகு.

வீட்டுக்கு வந்து பாட்டிலைக் கூடத்து அலமாரியில் வைத்தேன். சாயங்காலம் இவர் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார், எண்ணெய் தீர்ந்துவிட்டது, அலமாரியில் இருப்பதை உடைக்கட்டுமா என்று.

அதைத் தொட வேண்டாம் என்றேன். கடைக்குப் போய் வேறு எண்ணெய் வாங்கி வந்தேன்.